ஓடிப்போனால் போதுமா?

தாராபுரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஹேரியட் டப்மன் கதை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர், 1849இல் மேரிலாந்திலிருந்து தப்பி பிலடெல்பியா போனார். அதோடு நிற்காமல் திரும்பத் திரும்ப வந்து, சுமார் 13 பயணங்களில் 70 பேர் வரை கூட்டிக்கொண்டு போனார். அந்த வழிக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று பெயர். ஆனால் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ராத்திரி நடை, பகலில் ஒளிய ஒரு வீடு, அங்கிருந்து அடுத்த வீடு. அவ்வளவுதான்.

பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பையன், "அப்ப எல்லாருமே ஓடிப்போயிருக்கலாமுல்லங்க சார்?" என்றான்.

இதை அப்படியே விட்டால், ஓடாதவங்க எல்லாம் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: ஓடினால் எங்கே போய் நிற்பது?

பிலடெல்பியா இருந்த மாநிலத்தில் அடிமை முறை கிடையாது. ஆனாலும் 1850இல் வந்த சட்டம், அங்கே தப்பிப் போனவரையும் பிடித்து எஜமானிடம் அனுப்பலாம் என்றது. அதற்கப்புறம் கனடா எல்லையைத் தாண்டினால்தான் நிம்மதி. கால் எவ்வளவு ஓடினாலும், நிற்க ஒரு இடத்தைச் சட்டம் தர வேண்டும்.

"அதெல்லாம் அமெரிக்காவுலதானுங்க சார்?" என்றான் இன்னொருத்தன். இல்லை. 1800இல் கம்பெனிக்காக இந்தப் பக்கம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், பாலக்காட்டுப் பக்கம் செருமர் மக்களை விற்றதையும், அடமானம் வைத்ததையும், வாடகைக்கு விட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். தமிழில் ஆளை விற்ற பத்திரத்துக்கு 'ஆளோலை' என்றே பெயர் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' இதைப் பற்றிய புத்தகம்தான்.

இங்கே மூன்று சட்டங்களைச் சொன்னேன். 1843 சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 'இவன் என் அடிமை' என்று வழக்குப் போட்டால் கோர்ட் கேட்காது என்றது. ஓடியவருக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். பணத்தைக் கொடு அல்லது வேலைக்குத் திரும்பு என்ற உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 'அடிமை' என்ற சொல் போய் 'அட்வான்ஸ்' வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சட்டத்தை 1925இல்தான் ரத்து செய்தார்கள். மூன்றாவது, 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். இது ஆளை விடுவித்ததோடு, அவரைக் கட்டிப்போட்ட கடனையும் செல்லாது என்றது.

அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "எங்கக்கா மில்லு ஹாஸ்டல்ல இருக்குதுங்க சார். மூணு வருசம் முடிச்சாத்தான் மொத்தமா பணம். நடுவுல வந்தா இல்லையாம். அதுவும் இதானுங்களா?"

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் வாங்கிய ஏற்பாடு அது. அந்த அக்காவின் நிலைமை எனக்குத் தெரியாது. அதனால் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். நினைத்தால் வெளியே போய் வர முடியுமா? வேலையை விட்டால் செய்த நாளுக்குக் கூலி கிடைக்குமா? மாதாமாதம் குறைந்தபட்சக் கூலி கைக்கு வருகிறதா? கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு: அதற்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கொத்தடிமை என்று விசாரணையில் தெரிந்தால் விடுதலைச் சான்று கொடுப்பார்கள். அதற்குக் கனடா போக வேண்டாம், கோட்டாட்சியர் அலுவலகம் தாராபுரத்திலேயே இருக்கிறது. பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் 1098க்குப் போன் போடலாம். இதையும் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைதானுங்க போன் தருவாங்க, அப்ப கேக்கறேன்" என்றாள்.

இனி டப்மன் கதையை எங்கே சொன்னாலும், அந்த மூன்று கேள்வியையும் சேர்த்தே சொல்வதாக இருக்கிறேன்.