இரைப்பையைச் சிறிதாக்கிய பின் சாப்பாடு

பருமனும் நீரிழிவும் மிகுந்த சிலருக்கு இரைப்பையின் ஏறக்குறைய முக்காற்பங்கைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றுகின்றனர். மிஞ்சும் பகுதி சிறிய தேநீர்க் கோப்பையளவே கொள்ளும். ஆகவே வீட்டார் "இன்னும் ஒரு பிடி" என்று வற்புறுத்தலாகாது. வாந்தியும் நோவுமே வரும்.

முதல் இரு வாரம் நீராகாரம், பின்னர் மசித்தவை. வழமையான சாப்பாட்டுக்கு இரண்டு மாதமளவில் செல்லும். அப்போதும் மீன், முட்டை, பருப்பை முதலில் உண்ணுங்கள். சோறு முந்தினால் சத்துள்ளவற்றுக்கு இடமிராது.

கடினமானது தண்ணீர் விடயந்தான், அதுவும் எங்கள் வெயிலில். சாப்பாட்டுடன் குடிக்கலாகாது. அரை மணித்தியாலம் கழித்து மிடறு மிடறாகக் குடித்து, நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றராவது சேர்க்க வேண்டும். சீனி கூடிய தேநீர் சிலருக்கு வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றலைத் தரும்.

நடப்பதை உடனேயே தொடங்கலாம். தண்ணீர்க்குடமும் மண்வெட்டியும் ஆறு வாரத்துக்கு மற்றவர் கையில் இருக்கட்டும்.

விற்றமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தேவை. நோவு மாத்திரைகள் சில இவ்வயிற்றுக்கு ஆகா. எனவே இடம்பெயர நேர்ந்தால் கிளினிக் கொப்பியை அடையாள அட்டையுடன் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். புதிய வைத்தியரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.