மிதி தரைக்குப் போன நாள்

போன ஆனி மாதம் பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து நாமக்கல் உழவர் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி என் பழைய ஜீப். பக்கத்தில் மகன். அடிவாரம் காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் இறங்கியாச்சு. ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கி, தரைக்கே போய்விட்டது.

கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் உரசித்தான் நிறுத்தினேன். நாலைந்து பழம் ரோட்டில் உருண்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்தவன் வெகுநேரம் விடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் கெட்டியாகப் பிடிக்கிறது! முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கி ஒரு பட்டறையில் காட்டினேன். "ஆயில் லெவல் இருக்கு, லீக் இல்ல, லைனிங் இருக்கு. ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பெரியப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்தார். "லெவலப் பாத்தியே, கலரப் பாத்தியாடா?" உள்ளே காப்பி டிகாக்‌ஷன். புதுசு வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும்.

"மாத்தி எத்தன வருசமாச்சு?"

"மாத்தணுமா? குறைஞ்சா ஊத்துவேன், அவ்ளோதான் பெரியப்பா."

பிரேக் ஆயில் என்கிறோமே, அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். மழைக்காலத்தில் வெல்லம் கசிவது போல, காற்றில் இருக்கிற ஈரத்தை மூடி வழியாகவும் ரப்பர் ஓஸ் வழியாகவும் இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தால் அது 140க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் டிரம் சூடேறினால் உள்ளேயே கொதித்து ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் மிதி தரைக்குப் போனது. ஆறினதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பிரேக்கும் வந்துவிடும். பட்டறைக்காரருக்கு ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான். என் தப்பும் உண்டு. மூணாவது கியரில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினேன். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும்.

மறுநாள் வீட்டிலேயே மாற்றினோம். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளீடர் நிப்பிள் துருப்பிடித்திருந்தது. ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் போட்டு ஊறவிட்டோம். அவசரப்பட்டுத் திருகினால் ஒடிந்துவிடும், பிறகு செலவு பெரிது. மாட்டுக்கு ஊசி போடும் பழைய சிரிஞ்சால் மாஸ்டர் சிலிண்டரில் இருந்த கறுப்புத் தண்ணியை உறிஞ்சி எடுத்துவிட்டு (அந்த சிரிஞ்ச் இனி மாட்டுக்கு ஆகாது) புது டின்னை உடைத்து ஊற்றினோம். மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். திறந்து மாசக்கணக்கில் கிடந்த டின் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். எஞ்சின் ஆயிலோ டிராக்டர் ஆயிலோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எல்லாம் ஊதிப்போகும்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில். எங்கள் ஜீப்பில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. உங்கள் வண்டிக்கு வேறு வரிசை இருக்கலாம், தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிப்பிளில் கண்ணாடி மாதிரி டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் விட்ட பாட்டிலில் முக்கி வைத்தோம். பையன் மிதியில் உட்கார்ந்தான்.

"அடி... அடி... புடிச்சுக்கோ!" என்பார் பெரியப்பா. அவன் அழுத்திப் பிடித்திருக்க, நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். கறுப்பும் குமிழியுமாக வரும். மூடிய பிறகுதான் "விடு". முன்னாலேயே விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குமிழி நின்று தேன் நிறம் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதே பாட்டு. நடுவில் மாஸ்டர் சிலிண்டர் வற்றினால் மறுபடி முதலிலிருந்து. நான் ஒருமுறை மறந்து, பெரியப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் செய்த இன்னொரு காரியம், மிதிக்குக் கீழே ஒரு வேப்பங்கட்டையை வைத்தது. பழைய வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்தினால், சிலிண்டரில் வழக்கமாக வாஷர் போகாத, துருவேறிய இடத்தில் உரசிக் கிழிந்துவிடுமாம். பெயிண்டில் சிந்தினதைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும்.

மிதி கெட்டியானதும் சமதரையில் பலமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மலைப்பாதைக்கு எடுத்தேன். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறார் பெரியப்பா. தேதியை மூடிக்குப் பக்கத்திலேயே பெயிண்டால் எழுதிவைத்திருக்கிறேன்.

பழைய ஆயில் ஒரு பாட்டில் சேர்ந்தது. பையன் அதை வேலி முருங்கைக்கு அடியில் ஊற்றப் போனான். திண்ணையிலிருந்து வீட்டம்மா, "ஏங்க, பஞ்சகவ்யம் ஊத்துன மண்ணுலயேவா?" என்றாள். எடுத்து வந்து, 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாத உயரத்தில் கொட்டகையில் வைத்திருக்கிறேன். கழிவு எண்ணெய் வாங்க வருகிறவர், எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனியாகத் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை.