பயிர்ப் பகைவரும் அவற்றின் பகைவரும்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் மணிலாக்கொட்டை பிரதானமான பயிர்களுள் ஒன்றாகும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்கள் ‘டி.எம்.வி.’ என வழங்குவதை யாவரும் அறிவர். இப்பயிரின் சாற்றை அசுவினி உறிஞ்சுகின்றது. அசுவினியைப் பொறிவண்டு தின்கின்றது. எலி காய்களைத் தோண்டுகின்றது. எலியைக் கூகையும் சாரைப்பாம்பும் பிடிக்கின்றன. இவ்வுணவுச் சங்கிலிக்கும் ஒரு கணக்குண்டு.

1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தின்போது அட்ரியாடிக் கடலில் மீன்பிடிப்புக் குறைந்தது. அக்காலத்தில், பிற மீன்களைத் தின்னும் சுறா முதலியவற்றின் விகிதம் உயர்ந்தது. இதன் காரணத்தை இத்தாலியக் கணித வித்வான் வால்டெரா 1926-ல் விளக்கினார். இரையின் சராசரித் தொகை, அதைத் தின்னும் பிராணி எவ்வளவு விரைவில் மடிகின்றது என்பதைப் பொறுத்தது என்பது அவர் கணக்கு. ஆகவே இரண்டையும் ஒருங்கே கொன்றுவரின் இரையே பெருகும்.

இதனின்று அறியவேண்டுவது யாதெனில், சிறிது அசுவினி கண்டவுடன் வயல் முழுதும் மருந்து தெளித்தால் பொறிவண்டும் மடியும். பின்னர் அசுவினி தடையின்றிப் பெருகும். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் இறக்கக்கூடும்.

மேலும், அஞ்சிய எலி அடிக்கடி தலைதூக்கிப் பார்க்கும். பார்க்கும் நேரத்தில் தின்னாது. ஆதலின் கூகையிடம் அகப்படாத எலியும் குறைவாகவே சேதம் செய்யும். மறைவிடம் இருப்பின் அவ்வச்சம் நீங்கிவிடும்.

ஆகவே வரப்புகளைக் குறுக்கிப் புதர்களை நீக்குக. பறவைகள் அமரக் குறுக்குக்கட்டையுடன் கழிகள் நாட்டுக. பொறிவண்டு மிகுந்துள்ளதா எனப் பார்த்த பின்னரே மருந்தைக் கருதுக. கூகையை அபசகுனமென்று விரட்டலாகாது. அது பலருடைய நிலங்களிலும் வேட்டையாடுவதால், கிராம அதிகாரிகள் அயலார் அனைவரையும் ஒன்றுகூட்டி இவற்றைச் செய்விப்பது நலம்.