கிராமபோன் ஊர் திரும்பும்போது

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தலைநகர்த் தமிழருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி என ஒரு பட்டியலுடன் வருவோரும், மீனுக்காகவே வருவோரும் அங்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். சரோஜினி நகர், நேதாஜி நகர், கித்வாய் நகர், லட்சுமிபாய் நகர் எனச் சுற்றிலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் அமைந்திருந்ததே இதற்குக் காரணம். (வங்கி அலுவலராகிய நமக்கு ஐ.என்.ஏ. என்றதும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் அலுவலகம்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு செய்தி.)

அந்தக் குடியிருப்புகளிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்புவோர், ஓய்வூதியக் கணக்கை மாற்றுவதற்காக நம் கிளைகளுக்கு வருகின்றனர். குளிர்சாதனப் பெட்டியையும் கட்டிலையும் விற்றுவிடலாம். தந்தையார் விட்டுச் சென்ற கிராமபோனை என்ன செய்வது? சென்ற ஆண்டு கும்பகோணத்துக்குக் குடிபெயர்ந்த பெரியவர் ஒருவர், "மற்றவை எப்படிப் போனாலும் போகட்டும், அப்பாவின் குழல் நசுங்காமல் போய்ச் சேர வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும்?" என்று நம்மிடம் கேட்டார். வங்கியில் கேட்கும் கேள்வியன்று என்று தோன்றலாம். ஆனால் விடையின் பெரும்பகுதி கணக்கும் காகிதமும்தான்.

முதலில் பொருளைப் பிரிப்போம். பெட்டிக்குள் வைக்கும் முன், சுழல்தட்டை இசைத்தட்டு ஏதுமின்றி ஓடவிட்டு, சுருள்வில்லின் முறுக்கு முழுவதும் தளரும்வரை காத்திருக்க வேண்டும். முறுக்கிய நிலையிலேயே அனுப்பினால், குலுக்கலில் தடை விடுபட்டு, பெட்டிக்குள்ளேயே இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். அடுத்து, சுழல்தட்டை மேல்நோக்கித் தூக்கி எடுத்துத் தனியே சுற்ற வேண்டும். அது கனமானது; பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால், அதைத் தாங்கும் மெல்லிய அச்சு வளைந்துவிடும். கைப்பிடியைக் கழற்றி, பெட்டிக்குள் உருளாதவாறு கட்டி வைக்கலாம். ஊசி பொருத்தும் வட்டமான ஒலிப்பெட்டி இருக்கிறதே, அதை அனுப்பவே வேண்டாம். அதனுள் இருப்பது பெரும்பாலும் அப்பளம் போன்ற மெல்லிய மைக்காத் தகடு. ஊசியை நீக்கிப் பஞ்சுடன் சிறு டப்பாவில் வைத்துக் கைப்பையிலேயே எடுத்துச் செல்வது நலம்.

மரப்பெட்டியின் பழைய மெருகின்மீது பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால், கோடை வெப்பத்தில் அதன் குமிழ்த் தடங்கள் மரத்தில் பதிந்துவிடும். செய்தித்தாளின் மையும் ஒட்டும். துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டி ஒன்றை முதலில் சுற்றி, அதன்மேல் பபிள் ராப், பிறகு ஓர் அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை, அதற்கும் வெளியே இன்னோர் அட்டைப்பெட்டி என்பதே முறை. தெர்மோகோல் துகள்களை அப்படியே கொட்டாமல் சிறு பைகளில் கட்டிப் போட வேண்டும். இல்லையேல் அவை இயந்திரத்துக்குள் புகுந்துவிடும்.

இதற்கான பாடத்தை ஐ.என்.ஏ. மீன் கடைகளிலேயே காணலாம். தெர்மோகோல் பெட்டியில் மீனும் பனிக்கட்டியும் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். எதற்கும் நகர இடமிருக்காது. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஓசை எழக்கூடாது என்பதே பொதி கட்டுவோரின் முதல் விதி. ஆனால் அந்தப் பெட்டிகளையே இரவல் வாங்கி வர வேண்டாம். அவற்றில் ஊறிய உப்பும் ஈரமும் இரும்புக்கு ஆகாதவை. காய்கறி வந்த அட்டைப்பெட்டிகளும் ஈரத்தில் வலுவிழந்தவையே. புதிய ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி வாங்கும் செலவைச் செலவாகக் கருதக்கூடாது.

இனி கணக்கு. பெரியவரின் கிராமபோனில் குழலின் வாய் ஏறக்குறைய 50 செ.மீ. அகலம், நீளமும் அவ்வளவே. வெளிப்பெட்டி 65 செ.மீ. பக்கமுள்ள கனசதுரமாக அமைகிறது. கூரியர் நிறுவனங்கள் பலவும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, அதனைக் கன அளவு எடையாகக் கொள்கின்றன. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். அப்படிப் பார்த்தால், பொதியோடு சேர்ந்து 5 கிலோகூட இராத குழல், கட்டணத்துக்கு 55 கிலோ ஆகிறது. 50, 50, 40 செ.மீ. அளவுள்ள உடற்பெட்டி 20 கிலோ. கிலோவுக்கு 70 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் 5,250 ரூபாய். அச்சத்தால் குழலுக்கு ஒவ்வொரு பக்கமும் மேலும் 5 செ.மீ. மெத்தை சேர்த்தால், பெட்டியின் பக்கம் 75 செ.மீ. ஆகி, கன அளவு எடை 84 கிலோவைத் தாண்டும். அதாவது காற்றுக்காக மட்டும் 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதல்! பொதி போதாமல் இருப்பது எவ்வளவு பிழையோ, மிகையாக இருப்பதும் அவ்வளவே. குழலின் உட்புறத்தை மென்துணியால் நிரப்பலாம். கனமான எதையும் அதனுள் வைக்கக்கூடாது.

இசைத்தட்டுகளில் நிலைமை நேர்மாறு. 10 அங்குல அரக்குத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். ஐம்பது தட்டுகள் 10 கிலோ. 30 செ.மீ. கனசதுரப் பெட்டிக்குக் கன அளவு எடை 5.4 கிலோதான், ஆகவே இங்கு உண்மை எடைக்கே கட்டணம். அரக்குடன் கனிமத் தூள் கலந்து செய்த இத்தட்டுகள் கண்ணாடியைப்போல் உடைவன. படுக்கை வசமாக அடுக்கினால் மேலிருப்பவற்றின் பாரம் கீழ்த்தட்டில் இறங்கும். செங்குத்தாக நிறுத்தி, இருபுறமும் கெட்டி அட்டை வைத்து இறுக்க வேண்டும். வெப்பத்தில் இவை வளையும் என்பதால், மே மாதத்தில் நாக்பூர் வழியாக லாரியில் அனுப்புவதைத் தவிர்த்து, மழைக்குப்பின் அனுப்பலாம்.

வீட்டுச் சாமான்கள் அனைத்தும் லாரியில் செல்லும் குடும்பத்துக்கு, கூரியர் தேவையில்லை என்பதே நம் கருத்து. முழு லாரிக்கும் வாடகை பேசியபின், குழலின் பெட்டிக்குத் தனிச்செலவு இல்லை. "இதன்மேல் எதையும் வைக்காதீர்" என்று இந்தியிலும் எழுதி ஒட்டினால் போதும், தமிழில் மட்டும் எழுதினால் தில்லியில் யார் படிப்பார்? உபயோகித்த வீட்டுப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. விதிகளின்படி இ-வே பில் வேண்டியதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

சேதமானால் யார் தருவார்? பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டு விதிகளும், உயர் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாத சரக்குக்கு, போக்குவரத்தாளரின் பொறுப்பைச் சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்காக வரையறுக்கின்றன. 1,500 ரூபாய் கட்டணத்தில் சென்ற பெட்டிக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. கூரியர் ரசீதின் சிற்றெழுத்துகளும் வலுவுடையவை. 100 அமெரிக்க டாலர் என்று வரம்பிட்ட ரசீதில் கையொப்பமிட்ட பின்னலாடை நிறுவனம் ஒன்றின் வழக்கில், அந்த நிபந்தனை அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

ஆகவே தனியே சரக்குக் காப்பீடு எடுப்பது நலம். ஆனால் அங்கும் பொதிதான் முன்னிற்கிறது. சரக்குக் காப்பீட்டுப் பத்திரங்களில் "போதிய பொதி இன்மையால் நேர்ந்த இழப்பு" வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும், வேறுவகையாக ஒப்பந்தம் இல்லாதவரை, இயல்பான உடைவையும் தேய்மானத்தையும் விலக்குகிறது. ஒவ்வொரு பாகத்தையும், பொதியின் ஒவ்வொரு அடுக்கையும் நிழற்படம் எடுத்து வைப்பது, கோரிக்கையின்போது சீட்டுக்கட்டில் துருப்புச்சீட்டு போன்றது. மதிப்பைச் சான்றுடன் அறிவிப்பதும் அவசியம்.

மதிப்பு என்னும்போது ஓர் எச்சரிக்கை. பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமும் கொண்டு, பழம்பொருள் எனக் கடைவீதிகளில் விற்கப்படுவனவற்றில் கணிசமானவை, புதுப் பெட்டிக்குள் பழைய இயந்திரம் பொருத்தியவை. அவற்றைப் பழம்பொருள் மதிப்பில் காப்பீடு செய்தால் பிரீமியம் நட்டம்; கோரிக்கையும் நிற்காது.

உண்மையான பழம்பொருளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஊர் திரும்பும் பெற்றோர் சிலர், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கிராமபோனை அனுப்ப எண்ணுகின்றனர். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனை. ஐயமிருந்தால் முடிவு செய்யும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறையினுடையது. "தொல்பொருள் அன்று" என்ற அதன் சான்றிதழைப் பெற்ற பின்னரே பெட்டியைக் கட்ட வேண்டும். இந்த நூறாண்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1931இல் அறிமுகமான எச்.எம்.வி. 102 என்னும் கைப்பெட்டி வகையின் முதல் பிரதிகள் 2031இல் அந்த எல்லையைத் தொடும். தில்லியிலிருந்து கும்பகோணத்துக்கு அனுப்ப இந்தத் தடை ஏதுமில்லை.

பெட்டி வந்து சேர்ந்ததும், கையொப்பமிடும் முன் வெளிப்புறத்தைப் பார்த்து, நசுங்கலோ கிழிசலோ இருந்தால் ரசீதிலேயே குறித்துவிட வேண்டும். பிரிக்கும்போது படம் எடுக்கலாம். இழப்பிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் தர வேண்டும். சாலைவழிப் போக்குவரத்தாளர்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துவடிவில் அறிவிப்பு சேர்ந்திருக்க வேண்டும். பெட்டி இறங்கிய அன்றே கைப்பிடியை முறுக்க வேண்டாம். ஒருநாள் அறையின் வெப்பநிலைக்கு வரவிட்டு, அச்சு நேராக இருக்கிறதா என்று சுழல்தட்டைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தபின், சில சுற்றுகள் மட்டும் முறுக்கி, இசைத்தட்டு இன்றி ஓடவிட்டுப் பார்க்கலாம்.