ரைபிளில் தோட்டா சிக்குகிறதா? காரணமும் பரிகாரமும்

மரவள்ளி, வாழை, சேனை என எதை நட்டாலும் ஒரே இரவில் தோண்டிச் சாய்த்துவிடும் காட்டுப்பன்றி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவார விவசாயிகளுக்குப் பெருந்தொல்லை. ஆயினும் இது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அனுமதியின்றிச் சுடுவது குற்றம். தமிழகத்தில் இது வனத்துறையின் பொறுப்பு. கேரளத்தில் 2022-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டு, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு பன்றிகளைச் சுட வழி செய்யப்பட்டது. இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தேனி மாவட்டத்தார் பலர். துப்பாக்கி எடுக்கும் முன் உத்தரவு நடப்பில் உள்ளதா என்பதை ஊராட்சியில் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

உரிமம் பெற்றவர்கள் சிலரிடம் இருப்பது .315 ரைபிள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராவது இது. ஆங்கிலேயர் ஆட்சியில் இராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் இந்த அளவு இந்தியாவில் புழக்கத்துக்கு வந்தது. உறுதியான துப்பாக்கிதான். ஆனால் தோட்டா சிக்கிக்கொள்கிறது என்ற குறை இதில் எழுவதுண்டு. அடிபட்ட பன்றி திரும்பிப் பாயும் நேரத்தில் இது உயிருக்கே ஆபத்தாகும்.

தோட்டா ஏறும் விதம்

மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியின் அடியில் ஸ்பிரிங்கும், அதன் மேல் ஒரு தாங்கு தகடும் உள்ளன. இவை தோட்டாக்களை மேலே தள்ளுகின்றன. பெட்டியின் வாயிலுள்ள இரு உதடுகள் அவை வெளியே துள்ளாமல் பிடித்துக்கொள்கின்றன. போல்ட்டை முன்னே தள்ளும்போது அதன் முகம் மேல் தோட்டாவின் அடி விளிம்பில் இடித்து, அதைக் குழாயின் பின்புற அறைக்குள் செலுத்துகிறது. போல்ட்டில் உள்ள கொக்கி விளிம்பைப் பற்றிக்கொண்டு, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது

தோட்டா சிக்கியதும் போல்ட்டைத் தட்டியோ குத்தியோ முன்னே தள்ளக்கூடாது. விசையிலிருந்து விரலை எடுத்து, குழாய் முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டை மெதுவாகப் பின்னே இழுக்க வேண்டும். பெட்டியைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பின்னரே காரணம் தேட வேண்டும். தோட்டா எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடமே குறையைக் காட்டிக் கொடுக்கும்.

1. போல்ட் தோட்டாவின் மேல் வழுக்கிச் சென்றுவிடுகிறது: அறை காலியாக இருக்க, சுட்டால் வெறும் 'டிக்' ஓசைதான் வரும். போல்ட்டைக் கடைசி வரை பின்னிழுக்காததே இதற்கு முதற்காரணம். அவசரத்தில் பலரும் செய்வது இது. முழுமையாக இழுத்தும் வழுக்கினால் பெட்டி சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் தாழ்ந்திருக்கலாம், உள்ளே அழுக்கு ஏறித் தகடு சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது பரிகாரமன்று. சில நாளில் மீண்டும் தளரும். புதிது மாற்ற வேண்டும்.

2. தோட்டாவின் முனை பெட்டியின் முன்சுவரில் முட்டுகிறது அல்லது மேல்நோக்கித் துள்ளுகிறது: தாங்கு தகடு சாய்ந்திருந்தால் முனை கீழே முட்டும். உதடுகள் விரிந்திருந்தால் துள்ளும். பெட்டி கீழே விழுந்து நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. ஒரு தோட்டா நகர்ந்தவுடன் இறுகி நின்றுவிடுகிறது: .315 தோட்டா விளிம்பு புடைத்த வகை. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் அமைந்துவிட்டால், தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொள்ளும். நிரப்பும்போதே ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்கு அடியிலுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்குமாறு அடுக்கினால் இத்தொல்லை வராது. பல நேரங்களில் துப்பாக்கியின் கோளாறு என்று சொல்லப்படுவது இந்த அடுக்கும் பிழைதான்.

4. தோட்டா அறைக்குள் நுழைந்தும் போல்ட் பூட்டவில்லை: அறையில் துரு அல்லது கசடு இருக்கலாம், கூடு நசுங்கியோ உப்பியோ இருக்கலாம், வேறு அளவுத் தோட்டாவாகவும் இருக்கலாம். தோட்டாவின் அடியிலுள்ள எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அளவு மாறிய தோட்டாவைத் திணித்துச் சுட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும்.

மிகக் கொடிய தவறு

போல்ட்டை முன்னே தள்ளிவிட்டு, கைப்பிடியை இறக்கிப் பூட்டாமல் பாதியில் பின்னிழுப்பது பெருந்தவறு. கொக்கி பற்றாததால் முதல் தோட்டா அறையிலேயே தங்கிவிடக்கூடும். மீண்டும் தள்ளினால் இரண்டாம் தோட்டாவின் முனை, முதல் தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில் போய் இடிக்கும். போல்ட் பூட்டாத நிலையில் அது வெடித்தால் தீயும் உலோகத் துண்டுகளும் சுடுபவரின் முகத்தில்தான் பாயும். ஆகவே தள்ளினால் பூட்டுக. இழுத்தால் முழுதும் இழுக்க.

பராமரிப்பு

பெட்டியை மாதமொரு முறை கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். எண்ணெய் அதிகமானால் புழுதியைச் சேர்த்துக்கொள்ளும். தோட்டாவிலும் அறையிலும் எண்ணெய் இருக்கவே கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள அறையில் கூடு சுவரைப் பற்றாததால், வெடிக்கும் விசை போல்ட்டின் மேல் கூடுதலாகத் தாக்கும்.

தோட்டாக்களைத் தோல் வாரிலேயே விட்டுவைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறியதும் நசுங்கியதும் ஒதுக்கப்பட வேண்டியவை. துப்பாக்கி வேறு, தோட்டா வேறாகப் பூட்டி வைப்பது நல்லது.

உதடுகளை அரத்தால் ராவுவதோ இடுக்கியால் வளைப்பதோ கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். ஊர்ப் பட்டறையில் கொடுப்பது ஆபத்தானது மட்டுமன்று, சட்டப் புறம்பானதும்கூட. உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

பழுது நீக்கிய துப்பாக்கியை நேரே இரவுக் காவலுக்கு எடுத்துச் செல்லலாகாது. மருந்தும் கேப்பும் இல்லாத போலித் தோட்டாக்கள் ஐந்தை நிரப்பி, பகலில் பத்து முறையேனும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு முறை சிக்கினாலும் அது மீண்டும் பட்டறைக்குப் போக வேண்டிய துப்பாக்கியே.