முப்புரிக் கயிறு அவிழும் நேரம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணி எட்டு. ஒரு வீட்டுச் சமையலறையில் மாட்டின் முன்னந்தோள் பகுதியிலிருந்து வெட்டிய ஒன்றரைக் கிலோ கறி ஒரே துண்டாக வாணலியில் பொரிகிறது. எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பு ஏறியதும் அம்மா அதை எடுத்து ஒரு கனமான பீங்கான் பானைக்குள் வைக்கிறார். பானையின் அடியில் கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஏற்கெனவே கிடக்கின்றன. ஒரு குவளை எலும்புச் சாறு ஊற்றி, மூடி போட்டு, குமிழை 'லோ' என்ற இடத்துக்குத் திருப்புகிறார். அவ்வளவுதான் சமையல். வீடே கிளம்பி சர்ச்சுக்குப் போய்விடுகிறது.

மாலை ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தால் கத்திக்கு வேலையே இல்லை. முள்கரண்டியால் தொட்டாலே கறி நார் நாராகப் பிரிந்து வருகிறது. இதன் பெயர் பாட் ரோஸ்ட். அந்தப் பானையின் பெயர் ஸ்லோ குக்கர்.

நம் வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடித்து ஊரைக் கூட்டும். இது சத்தமே போடாது. ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் ஸ்லோ குக்கர் இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 200 முதல் 300 வாட்தான். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டிலோ 1,500 வாட் வரை இழுக்கும். இவ்வளவு சின்னச் சூடு, அவ்வளவு முரட்டுக் கறியை எப்படி வழிக்குக் கொண்டுவந்தது?

முதலில் அந்தக் கறி ஏன் முரடு என்று பார்ப்போம். மாடு நாள் முழுக்க நடக்கிறது, குனிந்து மேய்கிறது. அந்த எடையைத் தாங்கி உழைப்பவை தோள் தசைகள். உழைக்கும் தசைக்கு உறுதியான கட்டு வேண்டும். தசை நார்களைக் கத்தை கத்தையாகச் சேர்த்துக் கட்டியிருக்கும் அந்தக் கட்டின் பெயர் கொலாஜன். இது ஒரு புரதம். உங்கள் தோலிலும் எலும்பிலும், குதிகாலுக்கு மேலே விரலால் தொட்டால் கம்பிபோல் தெரிகிறதே, அந்தத் தசைநாணிலும் இருப்பது இதுதான். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்.

கொலாஜன் எப்படி அமைந்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொன்ன ஊர் எது தெரியுமா? நம் சென்னை! எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமை பொங்கும். 1950களின் தொடக்கத்தில் உலகின் பெரிய ஆய்வகங்களெல்லாம் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அதைக் கையில் எடுத்தார்கள். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான் என்பதால், அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்குக் கைகொடுத்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் அவர்களுக்குக் கிடைத்தது. அதன் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, படத்தில் விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1954இல் 'நேச்சர்' இதழில் விடை வெளியானது. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு! அடுத்த ஆண்டே அந்த முறுக்கை இன்னும் துல்லியமாகத் திருத்திச் சொன்னார்கள்.

கிணற்றுக் கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒற்றைப் புரியை இழுத்தால் அறுந்துவிடும். மூன்று புரியைச் சேர்த்து முறுக்கினால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும். கொலாஜனும் அப்படித்தான். அதன் இழை ஒவ்வொன்றும் அமினோ அமில மணிகள் கோத்த மாலை. அந்த மாலையில் மூன்றாவது மணி ஒவ்வொன்றும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று மாலைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. அங்கே கிளைசின் மட்டும்தான் அடங்கும். அதனால்தான் முறுக்கு அவ்வளவு இறுக்கம். அடையாறு நிலையத்தின் அரங்கம் ஒன்றுக்கு 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று இழை முறுக்கு என்று பொருள்.

இப்போது சிகாகோ பானைக்குத் திரும்புவோம். கறியின் நடுப்பகுதி மெல்லச் சூடேறுகிறது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் தசை நாரிலுள்ள மயோசின் என்ற புரதம் உருக்குலைந்து இறுகத் தொடங்குகிறது. 60ஐத் தாண்டும்போது கொலாஜன் உறைகளும் சுருங்குகின்றன. 65ஐத் தாண்டினால் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் சேர்ந்துகொள்கிறது. கொழுப்பில்லாத பச்சைக் கறியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். எல்லாம் சேர்ந்து சுருங்கும்போது, ஈரத் துணியைப் பிழிந்தாற்போல் அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. சுற்றிலும் சாறு நின்றாலும் இது நடக்கும். ஆகவே இந்த நேரத்தில் அவசரப்பட்டு ஒரு துண்டை வாயில் போட்டால் ரப்பரை மெல்வதுபோல் இருக்கும். 'கறி கெட்டுப்போச்சு' என்று அடுப்பை அணைப்பவர்கள் தோற்பது இந்தக் கட்டத்தில்தான்.

பொறுத்திருந்தால்? 70 டிகிரிக்கு மேல் போனதும் முப்புரிக் கயிறு தளரத் தொடங்கும். மூன்று இழைகளையும் பிணைத்திருந்த மெல்லிய பிணைப்புகள் சூட்டில் ஒவ்வொன்றாக விட்டுப்போகின்றன. ஒரே நொடியில் அல்ல, மணிக்கணக்கில். பிரிந்த இழைகள் தண்ணீரைத் தம்மோடு இழுத்து வைத்துக்கொண்டு வழவழப்பாகின்றன. அவற்றுக்கு இப்போது புதுப் பெயர் ஜெலட்டின். கறியைக் கட்டியிருந்த கயிறே அவிழ்ந்துபோனதால் நார்கள் தனித்தனியாகின்றன. நார் ஒவ்வொன்றும் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் ஜெலட்டின் பூசியிருப்பதால் நாக்குக்குச் சாறு ததும்புவதாகத் தோன்றுகிறது. எது அந்தக் கறியை முரடாக்கியதோ, அதுவேதான் அதை மென்மையாக்குகிறது. கொலாஜன் குறைந்த இளங்கறியை இப்படி ஒன்பது மணி நேரம் வைத்தால் வெறும் சக்கைதான் மிஞ்சும்.

பிரஷர் குக்கரும் இந்தக் கயிற்றைத்தான் அவிழ்க்கிறது. உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி இருப்பதால் ஒரு மணி நேரம் அளவில் முடித்துவிடுகிறது. அதன் முன்னோடியை 1679இல் லண்டனில் செய்துகாட்டிய தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரரின் முதல் ஆசையும் எலும்பை மெத்தென்று ஆக்குவதுதான்!

காலையில் கறியை ஏன் வறுத்தார்கள்? சாறு வெளியே போகாமல் பூட்டுவதற்கு என்று பலர் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற பெரிய ஜெர்மன் வேதியியலாளரே அப்படித்தான் எழுதினார். அது சரியில்லை. வாணலியில் 'சுர்' என்று கேட்கிறதே, அது தண்ணீர் வெளியேறும் சத்தம். வறுப்பது மணத்துக்காக. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களும் உண்டாகும். 1912இல் இதை விளக்கிய லூயி கமீல் மயாரின் பெயரால் இதை மயார் வினை என்கிறோம். பானைக்குள்ளோ தண்ணீர் இருக்கிறது. சூடு 100ஐத் தாண்டாது. அங்கே இந்த வினை நன்றாக நடக்க வழியில்லை.

கேரட்டை ஏன் அடியில் போட்டார்கள்? காய்தான் சீக்கிரம் வேகும் என்று நினைப்போம். காய்களின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய 85 டிகிரியாவது வேண்டும். கறிக்கு 70 போதும். அதனால் மெதுவான பானையில் கறி வெந்த பிறகும் கேரட் கடுக்கென்று நிற்கக்கூடும். சூடு முதலில் ஏறுவது பானையின் சுவரிலும் அடியிலும்தான். அதனால் காய்க்கு அந்த இடம்.

இந்தப் பானை பிறந்த கதையும் சிகாகோவோடு சேர்ந்ததுதான். லிதுவேனியாவின் வில்னா பகுதியிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்று. அவர்களுக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வு நாள், அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் கறியும் கிழங்கும் போட்ட பானையை ஊர் ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அணைத்த அடுப்பில் மிஞ்சிய சூட்டிலேயே அது இரவெல்லாம் வெந்துகொண்டிருக்கும். சோலண்ட் என்று அதற்குப் பெயர். தன் அம்மா சொன்ன இந்தக் கதையை மனத்தில் வைத்து, அந்தக் குடும்பத்தில் பிறந்த இர்விங் நாக்சன் என்ற சிகாகோப் பொறியாளர் மின்சாரத்தில் அதேபோல் ஒரு பானை செய்தார். 1936இல் விண்ணப்பித்த காப்புரிமை 1940இல் கிடைத்தது. 1970இல் ரைவல் நிறுவனம் அவரிடமிருந்து அதை வாங்கி, அடுத்த ஆண்டு 'கிராக்பாட்' என்ற பெயரில் விற்றது. அமெரிக்க வீடெங்கும் அது பரவியது.

உங்கள் வீட்டில் இந்தப் பானை இருந்தால் இரண்டு செய்தியைப் பெரியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஃப்ரீசரில் உறைந்த கறியை அப்படியே போடக்கூடாது. அது 60 டிகிரியை எட்ட வெகுநேரம் ஆகும், அதற்குள் கிருமிகள் பெருகிவிடும். சிவப்பு ராஜ்மாவையும் நேரே போடக்கூடாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே பானைக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் பொருள் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

அந்தப் பானை இல்லாவிட்டாலும் முப்புரிக் கயிற்றைப் பார்க்கலாம். வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைக்கும் நாளில் ஒரு கிண்ணம் எடுத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், சூப் அசையாது. கட்டியாக நடுங்கும். அவிழ்ந்த இழைகள் குளிரில் தங்கள் துணையைத் தேடி, அங்கங்கே மறுபடி மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு தண்ணீரை வலைபோல் பிடித்துவைத்திருக்கின்றன. ஆனால் பழைய கயிறாக முழுவதும் திரும்ப அவற்றால் முடியாது. ஒரு துளிக் கட்டியை நாக்கின் நடுவே வைத்து வாயை மூடுங்கள், மெல்லாதீர்கள். உங்கள் உடம்புச் சூட்டிலேயே அந்த முறுக்குகள் இன்னொரு முறை அவிழ்வது தெரியும்.