கீடேப் எடுத்தா பழைய சர்வர் ஏன் படுக்குது?

போன எபிசோட்ல கெர்பராஸ் டிக்கெட் பார்த்தோம். இன்னைக்கு ஃப்ரீஐபிஏ-ல ஒரே ஒரு கமாண்ட்: ஐபிஏ-கெட்கீடேப். பேரைப் பார்த்தா இருக்கிற சாவியை எடுத்துத் தர்ற மாதிரிதான் தெரியும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு வெப் சர்வீஸ், லோட் பேலன்ஸருக்குப் பின்னாடி ரெண்டு சர்வர். ஐபிஏ சர்வீஸ்-ஆட் போட்டு டைரக்டரியில என்ட்ரி சேர்த்தாச்சு. முதல் சர்வர்ல கீடேப் எடுத்தேன், லாகின் ஆச்சு. ரெண்டாவதுலயும் அதே கமாண்ட். கொஞ்ச நேரத்துல புகார் வருது. முதல் சர்வர்ல சிலருக்கு லாகின் ஆகுது, சிலருக்கு ஆகல.

விஷயம் இதுதான். இந்த கமாண்ட் ஒவ்வொரு தடவையும் புதுச் சாவி உருவாக்கும். கேவிஎன்ஓ, அதாவது சாவியோட வெர்ஷன் நம்பர், 1-லேர்ந்து 2 ஆயிடும். முதல் சர்வர்கிட்ட இருக்கிறது 1. புது டிக்கெட்டை அதால பிரிக்க முடியாது. பழைய டிக்கெட் வச்சிருந்தவங்க மட்டும் உள்ள போயிட்டிருந்தாங்க, அதான் அவ்வளவு குழப்பம்.

மைனஸ் ஆர் சேர்த்தா இருக்கிற சாவியையே தரும். அதுக்கு முன்னாடி ஐபிஏ சர்வீஸ்-அலவ்-ரிட்ரீவ்-கீடேப் மூலமா அனுமதி கொடுக்கணும். (ஃபைலை பத்திரமா காப்பி பண்ணியிருந்தாலே போதும், அது வேற கதை.) அப்புறம் கேலிஸ்ட் மைனஸ் கே காட்டுற நம்பரும் கேவிஎன்ஓ கமாண்ட் காட்டுற நம்பரும் ஒண்ணான்னு ரெண்டு சர்வர்லயும் பாருங்க.